குறைந்துபோன கிலோமீட்டர்

பல்செட்காரரின் மோட்டார் சைக்கிள் பெருமையடிக்க ஆரம்பித்தது, அதன் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றிய பிறகுதான். அதுவரை அது ஒரு யோக்கியமான வண்டி. மேட்டில் இருக்கும் பல் ஆஸ்பத்திரிக்கு ஏறும்போது மட்டும் திணறும். மெக்கானிக் பார்த்துவிட்டு, கொஞ்சம் பெரிய பல்சக்கரமாகப் போட்டுக் கொடுத்தார். ஏற்றத்தில் வண்டி சிட்டாகப் பறந்தது. ஆனால் சமதரையில் மீட்டர் முள் முப்பதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, காய்கறிக் கூடை கட்டிய ஒரு சைக்கிள் இவரை நிதானமாக முந்திக்கொண்டு போயிற்று. வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையிலிருந்த தூரமும் ஒரே வாரத்தில் வளர்ந்துவிட்டது.

"மீட்டரைத் திட்டாதீங்க" என்றார் மெக்கானிக். "கியர்பாக்ஸ் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் அது எண்ணும். பின்னாடி பல்சக்கரம் மாறினது அதுக்குத் தெரியாது. பழைய கணக்கையே சொல்லிக்கிட்டிருக்கு, பாவம்."

அதற்கு மருந்து ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. கேலிப்ரேட்டர் என்று பெயர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரை நடுவில் பிரித்து இதைச் சேர்த்துவிட்டால், வருகிற கணக்கைத் திருத்தி மேலே அனுப்பும். மெக்கானிக் அதன் பொத்தானை அழுத்தி எண்ணை ஏற்றி இறக்கி, கைபேசியை ஹேண்டிலில் கட்டிக்கொண்டு நேர்ரோட்டில் போய்ப்போய் வந்தார். கடைசியில் முள் சொன்னதும் கைபேசி சொன்னதும் ஒன்றாயின. வேகமும் சரி, ஓடிய தூரமும் சரி.

பல்செட்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒரு மனிதரின் ஈறு புண்ணாகிவிடும் தொழில் அவருடையது. அளவு தப்பிய எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். தப்பைத் திருத்துவது ஒரு குற்றம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மெய்யளவு வாரியத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாட்டிலுள்ள தராசு, அளவுகோல், மீட்டர் எல்லாம் உண்மை பேசுகின்றனவா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியும் அதன் வாசலுக்குப் போய் மெய்யளவுச் சான்று வாங்கிவர வேண்டும். சான்று இல்லாத வண்டி ரோட்டில் இறங்க முடியாது. அங்கே விண்ணப்பம் வாங்கும் ஜன்னலின் ஓட்டை ஆள் இடுப்பு உயரத்தில் இருக்கும். உள்ளே இருப்பவரோடு பேச வேண்டுமானால் குனிந்தே ஆக வேண்டும். கட்டும்போது அளவு தவறிவிட்டது என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். வாரியம் எந்த அளவையும் தவறவிட்டதில்லை.

பல்செட்காரர் குனிந்தார், கொடுத்தார், முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். ஆய்வாளர் வந்தார். வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கினார். அதைக் காதுக்குள் விட்டுக் கண்ணை மூடி ஒரு சுழற்று சுழற்றினார். பிறகு சாவி நுனியைப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். அதே சாவியை வண்டியில் போட்டுத் திருப்பினார்.

"இது என்ன பொட்டி?" ஆய்வாளர் சீட்டைத் தூக்கிவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்தார்.

"கேலிப்ரேட்டர் சார். மீட்டர் தப்பாக் காட்டிச்சு. அதைச் சரி பண்றதுக்கு."

"தப்புன்னு யார் சொன்னது?"

"கைபேசியில பார்த்தோம் சார். இப்ப கரெக்டா காட்டுது. நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

"நான் எதுக்கு ஓட்டணும்? மீட்டர் சரியா இருக்கான்னு பார்க்கிறது எங்க வேலை இல்ல. மீட்டர்ல யாராவது கை வச்சிருக்காங்களான்னு பார்க்கிறதுதான் எங்க வேலை. கை வச்சிருக்கீங்க."

"சரி பண்ணத்தானே சார் கை வச்சேன்?"

"அதுதான் ரொம்ப மோசம்" என்றார் ஆய்வாளர். "கெடுக்கிறதுக்குக் கை வச்சவன்கூட, கெட்டது தானாக் கெட்டதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். தானாவே சரியாப் போச்சுன்னு நீங்க சொல்ல முடியுமா?"

பல்செட்காரர் யோசித்துப் பார்த்தார். சொல்ல முடியாதுதான்.

வண்டி பறிமுதலானது. வண்டியோடு, வண்டிக்குப் பின்னால் பூட்டியிருந்த தகரப் பெட்டியும். ஆய்வாளர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு முழுப் பல்செட், மேல்வரிசையும் கீழ்வரிசையும். பக்கத்தில் அதன் வாயச்சு.

"சார், அதை மட்டும் கொடுத்துடுங்க. எங்க மாமியாரோடது. இன்னைக்கு மாட்டிவிடணும்."

ஆய்வாளர் காதைத் துழாவிய அதே கையால் மேல்வரிசையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் முன்பற்களைத் தடவிப் பார்த்தார். "வண்டிக்குள்ள இருந்தது வண்டியோடதான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் மாமியார் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை அவருக்கு. எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் சொன்னால், தூங்கிக்கொண்டிருப்பவன்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு சரியான வண்டியில் போய் ஏறிவிடுவான். அப்படி ஒரு உச்சரிப்பு. ஆடிக்கொண்டிருந்த பற்களையெல்லாம் மொத்தமாக எடுத்துவிடலாம் அத்தை, நான் ராணி மாதிரி செட் செய்து தருகிறேன் என்று ஆசை காட்டியவர் மாப்பிள்ளைதான். பல்லை எடுத்த நாளிலிருந்து மாமியார் வெளியே போகவில்லை. யார் முன்னாலும் வாயைத் திறக்கவில்லை. கரைத்த கஞ்சியைக்கூட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடித்தார். உடம்பு பாதியாகிவிட்டது. லீவு முடிந்து திங்கட்கிழமை மைக் முன்னால் உட்கார வேண்டும். வராவிட்டால் பதிவு செய்த குரல் ஒன்றை வைத்துக்கொள்வதாக நிலைய மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமியார் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். கை காலியாக இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

"என்னங்க, வண்டி போனாப் போகட்டும். பல்லை ஏன் விட்டுட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி.

"வண்டிக்குள்ள இருந்தது வண்டியோடதாம்."

"எங்கம்மா பல்லு எப்படிங்க வண்டியோட சேர்ந்தது? நீங்களும் கேட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்களே! வேற ஒண்ணு செஞ்சு கொடுங்க."

"வாயச்சும் அந்தப் பெட்டியிலதான் மாட்டிக்கிட்டிருக்கு. புதுசா அச்செடுக்கணும்னா அத்தை வாயைத் திறக்கணும். நீ போய்க் கேட்டுப் பாரு."

மனைவி கதவைத் தட்டிக் கேட்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. "பல்லோட வாங்க. இல்லன்னா பட்டறையிலேயே படுத்துக்கோங்க" என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் இயக்குநர் முன் விசாரணை. ஆய்வாளரின் மேஜையைத் தாண்டித்தான் இயக்குநர் அறைக்குப் போக வேண்டும். மேஜையில் ஒரு கட்டுக் காகிதம், மேலே மின்விசிறி. காகிதம் பறக்காமலிருக்க அதன் மேல் அத்தையின் கீழ்வரிசை உட்கார்ந்திருந்தது. ஆய்வாளர் கடித்து வைத்த ஒரு பன்னுக்குப் பக்கத்தில் மேல்வரிசை கிடந்தது. பன்னின் ஜாம் மேல் உட்கார்ந்த ஈ அங்கிருந்து கிளம்பிக் கடைவாய்ப் பல்லுக்குப் போயிற்று, மறுபடி ஜாமுக்கு வந்தது. பல்செட்காரர் கையை நீட்டினார். "தொடாதீங்க, ஆதாரம்" என்று ஆய்வாளர் பன்னை எடுத்து ஒரு கடி கடித்துக்கொண்டார்.

இயக்குநர் நல்ல மனிதர். யாரையும் உட்காரச் சொல்லாவிட்டாலும் சிரித்த முகத்தோடு நிற்க வைப்பார்.

"உங்களை மாதிரி ஆட்கள் மேல எனக்குக் கோபமே இல்லீங்க" என்று ஆரம்பித்தார். "எங்ககிட்ட வருஷம் பூரா வண்டி வருது. எல்லா மீட்டரும் தப்பு. எனக்குத் தெரியாதா? ஒண்ணு கூடக் காட்டும், ஒண்ணு குறையக் காட்டும். ஆனா ஒருத்தரும் கை வைக்கிறதில்ல பாருங்க, அந்த ஒழுக்கம்! அதுக்குத்தான் நாங்க சான்று கொடுக்கிறோம். உண்மைங்கிறது எவனோ ஒருத்தன் தனியாக் கண்டுபிடிச்சு வச்சுக்கிறது. தப்பு எல்லாருக்கும் பொது. பொதுவா இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இந்த வாரியம். நான் இந்த நாற்காலிக்கு வந்ததிலேர்ந்து ஒரு மீட்டரைக்கூட அளந்து பார்த்ததில்ல. ஏன் தெரியுமா? அளந்தா மக்களைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்."

சுவரோரம் நின்ற ஊழியர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், பெட்டியைக் கழட்டிடறேன். பழையபடி தப்பாவே காட்டட்டும். வண்டியையும் பல்லையும் கொடுத்துடுங்க."

"அது நல்ல மனசு. ஆனா ஒரு சிக்கல் இருக்கு." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "பொட்டி மாட்டினதிலேர்ந்து உங்க மீட்டர் நிஜமா ஓடின தூரத்தை மட்டும் காட்டிக்கிட்டு வந்திருக்கு. பொட்டி இல்லன்னா எவ்வளவு காட்டியிருக்குமோ, சட்டப்படி அதுதான் நீங்க ஓடின தூரம். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் கிலோமீட்டர் குறையுது. அது எங்க?"

"அது எங்கயும் இல்ல சார். நான் அதை ஓட்டவே இல்லையே."

"ஓட்டாத கிலோமீட்டரை என்ன பண்ணினீங்கன்னுதான் கேக்கிறேன்."

பல்செட்காரர் வாயைப் பிளந்தார். ஆய்வாளர் பக்கத்தில் வந்து, "ஒத்துக்கோங்க. ஒத்துக்கிட்டா முற்றத்துலயே ஓட்டிக் கழிச்சிடலாம்" என்று காதில் சொன்னார். அவர் வாயில் ஜாம் வாடை அடித்தது.

வாரியத்தின் பின்முற்றம் அப்படித்தான் அவருக்கு அறிமுகமானது. தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றும் நடு ஸ்டாண்டில் நிற்க, பின்சக்கரம் அந்தரத்தில் சுழல, மேலே ஒரு மனிதர் நேரே சுவரைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் எப்போதோ மீட்டரைத் திருத்தியவர்கள். குறைந்த கிலோமீட்டரை ஈடுகட்டுகிறார்கள். புகை வெளியே போக வழியில்லாமல் கூரைக்கடியில் சுற்றிச் சுற்றி வந்தது. பால் பாக்கெட் போடுகிற ஒருவர் பழக்கதோஷத்தில் அவ்வப்போது பிரேக் பிடித்தார்.

பல்செட்காரரின் கேலிப்ரேட்டரைப் பிடுங்கிவிட்டு ஏற்றி உட்கார வைத்தார்கள். சனிக்கிழமைக்குள் முடித்தால்தான் அத்தை திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினார். முள் எழுபதுக்குப் போயிற்று. மேற்பார்வையாளர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"எங்கய்யா இவ்வளவு அவசரமாப் போறீங்க? போர்டைப் பார்க்கல? வளாகத்துக்குள்ள இருபதைத் தாண்டக் கூடாது!"

"நான் எங்கயும் போகலையே சார். நின்ன இடத்துலதானே இருக்கேன்."

"மீட்டர் எழுபது காட்டுதே?"

"மீட்டர் சொல்றது பொய் சார். சக்கரம் தரையிலேயே படல."

மேற்பார்வையாளருக்கு முகம் கறுத்துவிட்டது. "பொட்டியைக் கழட்டியும் புத்தி வரலையே உங்களுக்கு! மீட்டர் பொய் சொல்லுதுன்னு அதை வச்சுக்கிட்டே பேசுறீங்க. ஹெல்மெட்டைப் போடுங்க முதல்ல."

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, இருபதைத் தாண்டாமல், நகராத வண்டியில், போகாத தூரத்தை அவர் நாள் முழுவதும் போனார். மாலையில் கண் எரிந்தது, முதுகு விண்டுபோயிற்று, சளி கறுப்பாக வந்தது. பக்கத்து வண்டிக்காரரிடம், "ரொம்ப தூரமா?" என்று கேட்டார். "பாதி வந்துட்டேன்" என்றார் அவர் பெருமையாக. பல்செட்காரருக்கு அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் தனக்கும் அது தொற்றிக்கொண்டதை அவர் கவனித்தார். இன்றைக்கு நல்ல ஓட்டம் என்று, சாப்பிட மட்டும் வீட்டுக்கு வந்தபோது மனைவியிடம் ஒருநாள் சொல்லியேவிட்டார். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். உள்ளறையில் அத்தை கஞ்சியையும் தொடவில்லை என்றாள். அன்றைக்குத் தன்னை நினைத்தே வெட்கப்பட்டு, தட்டைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கணக்கு நேரானது. வண்டியைக் கொடுத்தார்கள். பல்லையும் புதுச் சான்றையும் கொடுக்கவில்லை; பழைய சான்று அன்றோடு காலாவதி.

"பல்லு எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"அளவெடுத்துத்தான் சார்."

"அளவெடுத்துச் செஞ்ச எதுவும் எங்க வரம்புக்குள்ள வந்துடும். வாயோட அளவும் பல்லோட அளவும் ஒத்துப்போகுதான்னு நேர்ல பார்க்காம விட முடியாது. வாய்க்கு உரியவங்களைக் கூட்டிட்டு வாங்க."

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை மட்டும் புடவை மாற்றிக்கொண்டு, கைக்குட்டையை வாயில் வைத்தபடி வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். பின்னால் அவர் உட்கார்ந்ததே தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார்.

வாரியத்தில் இப்படியொரு வழக்கு இதுவரை வந்ததில்லை. அதனால் எல்லாருக்கும் உற்சாகம். இயக்குநரின் அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி நடுவில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஊழியர்கள் தேநீர்க் கோப்பையோடு வந்து வசதியாக நின்றுகொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். ஆய்வாளர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு அளவுக்கருவியை எடுத்து, எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உட்காருங்கம்மா. வாயைத் திறங்க. நல்லாப் பெருசா."

அத்தை உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. ஆய்வாளர் விரலை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றார் பல்செட்காரர். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"கை கழுவணும்னு விதியில எங்கயும் இல்ல."

"இருக்கோ இல்லையோ, அந்தக் கையை எங்க அத்தை வாய்கிட்டக் கொண்டு போனீங்கன்னா நடக்கிறதே வேற. காதைக் குடைஞ்ச கை, சார் அது!"

அறையில் சிரிப்பு எழுந்தது. இயக்குநர் பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "சரி, சரி. பெரியவங்க கூச்சப்படுறாங்க. விட்டுடுங்க. அவங்களே மாட்டிக் காட்டட்டும். பொருந்தினாப் போதும், வண்டியோட மெய்யளவுச் சான்றை இப்பவே மாப்பிள்ளை கையில கொடுத்துடறேன்." கையெழுத்துப் போட்ட சான்றை எடுத்து விரல் நுனியில் பிடித்துக்கொண்டார்.

பல்செட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். பல்செட்காரர் அதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மேல்வரிசையின் முன்பக்கம், ஈறு நிறத்தில் அவர் இழைத்து இழைத்து மெருகேற்றியிருந்த இடத்தில், துளைக்கருவியால் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டைக்குள் கம்பி நுழைத்து முறுக்கி, நுனியில் வாரியத்தின் ஈய முத்திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இது... எதுக்கு சார் இது?"

"முத்திரை இல்லாத பொருளைக் கிடங்குல வைக்க முடியாதே" என்றார் ஆய்வாளர். "கட்டுறதுக்கு இடமே இல்ல. ரொம்பக் கஷ்டப்பட்டு வழி பண்ணினோம். அதை அறுத்துடாதீங்க. வாரிய முத்திரையை உடைச்சா தண்டனை உண்டு."

பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டையை அடைத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அத்தை முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை எழுந்தார். இரண்டு வரிசைகளையும் எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த குழாய்க்குப் போனார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டியபடி முதலில் கீழ்வரிசையை, பிறகு மேல்வரிசையை மாட்டிக்கொண்டார். கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினார். திரும்பினார். ஒட்டிப்போயிருந்த கன்னம் நிமிர்ந்திருந்தது. மேலுதட்டுக்குக் கீழே ஈய முத்திரை ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் தொடவே இல்லை. அப்படியே இயக்குநரின் மேஜைக்கு நேரே நடந்து வந்தார்.

"அடடே, பிரமாதமாப் பொருந்துதே!" என்று இயக்குநர் சான்றை நீட்டியபடி எழுந்தார். "எங்க, ஒரு வார்த்தை பேசிக் காட்டுங்கம்மா. எல்லாரும் கேக்கட்டும்."

அத்தை மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பல நாளாக வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, சான்றின் நட்டநடுவில் துப்பினார்.

சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கையெழுத்தின் மை கலைந்து இயக்குநரின் விரல் வழியாகச் சட்டைக்கைக்கு இறங்கியது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அத்தை திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

பாழாகிவிட்ட சான்றைப் பல்செட்காரர் பார்க்கவில்லை. நாளைக்கு வண்டி ரோட்டில் இறங்க முடியாதே என்றும் நினைக்கவில்லை. அவர் அத்தையின் மேலுதட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வேகத்துக்கும் செட் இம்மிகூட அசையவில்லை.